பிடிவாரண்ட் வந்தால் குற்றவாளியா? நீதிமன்றம் ஒருவரை வரவழைக்கும் விதம்

‘முன்னாள் எம்.எல்.ஏ.வுக்குப் பிடிவாரண்ட்’ என்று காலையில் தொலைக்காட்சியில் சிவப்புப் பட்டை ஓடும். அவ்வளவுதான், ஆள் உள்ளே போகப்போகிறார் என்று டீக்கடையிலேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். இரண்டு நாள் கழித்துச் செய்தித்தாளின் உள்பக்கத்தில் நாலு வரி வரும்: அவர் நேரில் ஆஜரானார், பிடிவாரண்ட் ரத்து செய்யப்பட்டது, விசாரணை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. முதல் செய்தியைப் படித்தவருக்கு இரண்டாவது செய்தி பெரிய ஏமாற்றம். ‘எங்கேயோ பணம் விளையாடியிருக்கிறது’ என்று முடிவு கட்டிவிடுவார்.

உண்மையில் அங்கே நடந்தது மிகச் சாதாரணமான காரியம். ஒருவர் வாய்தாவுக்கு வரவில்லை. வரவழைக்க நீதிமன்றம் ஒரு காகிதம் அனுப்பியது. அவர் வந்தார், காகிதத்தின் வேலை முடிந்தது. சம்மன், வாரண்ட், பிரகடனம் எல்லாமே ஆளைக் கூண்டுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தும் கருவிகள். குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று அவற்றில் எதுவும் சொல்லவில்லை.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. பிரிவு எண்கள் தலைகீழாக மாறின. சம்மன், வாரண்ட், பிரகடனம் என்ற ஏணிப்படிகள் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கின்றன. கீழே வரும் எண்கள் புதிய சட்டத்தின் எண்கள். பழைய எண் பழக்கத்தில் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

எல்லாமே சம்மன்தானா?

குழப்பம் தொடங்குவதே இந்த ஒரு சொல்லில்தான். யார் கூப்பிட்டாலும் ‘சம்மன்’ என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதப்படும் மூன்று வகைகளையும் பிரித்துப் பார்த்தால் பாதித் தெளிவு வந்துவிடும்.

1. போலீஸ் நோட்டீஸ். கைது செய்யத் தேவையில்லை, ஆனால் விசாரிக்க வேண்டும் என்று போலீஸ் நினைத்தால் பிரிவு 35(3)இன் கீழ் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். வழக்கறிஞர்கள் இன்னும் ‘41ஏ நோட்டீஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். நீங்கள் போக வேண்டிய இடம் காவல் நிலையம், நீதிமன்றம் கிடையாது. சொன்ன நாளில் போனால் அந்தக் குற்றத்துக்காகக் கைது செய்யக் கூடாது. கைது தேவை என்று அதிகாரி நினைத்தால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். போகாவிட்டால் கைதுக்கு வழி திறக்கிறது.

2. விசாரணை அமைப்பின் சம்மன். அமலாக்கத் துறைக்குப் பண மோசடித் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 50இன் கீழ் யாரையும் வரச்சொல்லி, ஆவணம் கேட்டு, வாக்குமூலம் வாங்கும் அதிகாரம் இருக்கிறது. இந்தச் சம்மன் வந்தவர் குற்றம் சாட்டப்பட்டவராக இருக்க வேண்டும் என்பதே இல்லை. தமிழ்நாட்டில் மணல் விவகாரத்தில் வேலூர், திருச்சி, கரூர், தஞ்சாவூர், அரியலூர் மாவட்ட ஆட்சியர்களுக்கு இப்படித்தான் சம்மன் போனது. அவர்கள் யாரும் அதில் குற்றவாளிப் பட்டியலில் இல்லை, தகவலுக்காக அழைக்கப்பட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்து, போய் ஆஜராகுங்கள் என்றது.

3. நீதிமன்றச் சம்மன். இந்தக் கட்டுரை இதைப் பற்றியதுதான். ஒரு நீதிபதி, வழக்கின் காகிதங்களைப் பார்த்து, மேற்கொண்டு நடத்தப் போதிய அடிப்படை இருக்கிறது என்று கருதிய பிறகு அனுப்புவது. இங்கே பெயர் வந்தால் நீங்கள் அந்த வழக்கின் எதிரி. தமிழ்நாட்டு நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதுதான் பெயர். சாட்சிகளுக்கும் சம்மன் போகும். அதனால் கையில் வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது, ‘எதிரி’ என்று போட்டிருக்கிறதா ‘சாட்சி’ என்றா என்பதைத்தான்.

சம்மன் பிறக்கும் இடம்

போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்கிறது, அல்லது தனிநபர் ஒருவர் நேராக நீதிமன்றத்தில் புகார் கொடுக்கிறார். நீதிபதி வழக்கைக் கோப்புக்கு எடுக்கிறார். அதற்கு அடுத்த படி, எதிரியை வரவழைக்கும் பிரிவு 227.

இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை தரக்கூடிய குற்றங்கள் சம்மன் வழக்குகள். அதற்கு மேல் போனால் வாரண்ட் வழக்குகள். செக் மோசடி வழக்குக்கு அதிகபட்சம் 2 ஆண்டு, ஆகவே அது சம்மன் வழக்கு. திருட்டுக்கு 3 ஆண்டு, ஆகவே வாரண்ட் வழக்கு. சம்மன் வழக்கில் முதலில் சம்மன்தான் அனுப்ப வேண்டும். வாரண்ட் வழக்கில் நீதிபதி நேரடியாக வாரண்டும் அனுப்பலாம், சம்மனும் அனுப்பலாம். ‘வாரண்ட் வழக்கு’ என்ற பெயரைப் பார்த்து உடனே வாரண்ட் வரும் என்று பயப்பட வேண்டியதில்லை. பெரும்பாலும் அங்கேயும் சம்மனில்தான் தொடங்கும்.

தனிநபர் புகாரில் இன்னொரு சங்கதி உண்டு. சம்மன் அனுப்பக் கட்டணம் கட்ட வேண்டும். நீதிமன்ற வளாகத்தில் அதற்கு ‘பேட்டா’ என்று பெயர். புகார்தாரர் நியாயமான காலத்துக்குள் பேட்டா கட்டாமல் விட்டால் புகாரையே தள்ளுபடி செய்யலாம். பேட்டா கட்ட மறந்து வழக்கு போனது என்று தலையில் கை வைத்த புகார்தாரர்கள் நிறையப் பேர். சாட்சிகள் பட்டியலைத் தாக்கல் செய்யாமலும் சம்மன் கிளம்பாது. புகார் நகலும் சம்மனோடு சேர்ந்தே போக வேண்டும்.

புதிய சட்டம் ஒரு படியைக் கூட்டியிருக்கிறது. தனிநபர் புகாரைக் கோப்புக்கு எடுக்கும் முன்பே, எதிர்த்தரப்புக்குப் பேச ஒரு வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது பிரிவு 223. யார்மீது வேண்டுமானாலும் புகாரைப் போட்டு அலைக்கழிக்கலாம் என்ற நிலைக்கு இது ஒரு கடிவாளம். குற்ற வழக்கில் ஒருவரை எதிரியாகக் கூப்பிடுவது விளையாட்டில்லை, நீதிபதி மனதைச் செலுத்திய பிறகே அனுப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1997லேயே சொல்லிவிட்டது. இருந்தாலும் நடைமுறையில் அச்சடித்த படிவத்தில் பெயரும் தேதியும் நிரப்பிப் போகிற சம்மன்களுக்குக் குறைவில்லை.

காகிதம் வீட்டுக்கு வரும் வழி

மொத்த ஏணியிலும் பழுதான படி இதுதான். சட்டப் புத்தகத்தில் அழகாக இருக்கும். தெருவில் இறங்கினால் தடுக்கும்.

சம்மன் இரண்டு பிரதிகளாகத் தயாராகும். நீதிபதி கையெழுத்து, நீதிமன்ற முத்திரை. அதைக் கொண்டுபோவது பெரும்பாலும் அந்தந்தக் காவல் நிலையத்தில் கோர்ட் வேலை பார்க்கும் காவலர். அவர் உங்களிடம் ஒரு பிரதியைக் கொடுத்து, மற்றொன்றின் பின்புறத்தில் கையெழுத்து வாங்குவார். நீங்கள் வீட்டில் இல்லையென்றால் உங்களோடு குடியிருக்கும் வயது வந்த குடும்பத்தாரிடம் கொடுக்கலாம். பழைய சட்டத்தில் ‘ஆண்’ உறுப்பினரிடம் மட்டும்தான் கொடுக்க முடியும். மனைவியோ அம்மாவோ வாசலில் நின்றாலும் சட்டப்படி அது சார்பாகாது, அதாவது சம்மனை உங்களிடம் சேர்த்ததாக ஆகாது. 2024இல்தான் அந்த ஒரு சொல் எடுக்கப்பட்டது. வீட்டு வேலைக்காரர் குடும்பத்தார் ஆகமாட்டார். அவரிடம் கொடுத்துவிட்டுப் போவது செல்லாது. யாருமே கிடைக்காவிட்டால் வீட்டின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம். அரசு ஊழியருக்கு அலுவலகத் தலைவர் வழியாக அனுப்பலாம்.

சரி, இது எங்கே உடைகிறது? ஒரு கற்பனை ஆளை வைத்துப் பார்ப்போம். சிவகங்கைப் பக்கத்து இளைஞர், திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. பைக்கில் போகும்போது ஒருவர்மீது இடித்துவிடுகிறார். அவருக்குக் காலில் லேசான காயம். ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்பதால் காவல் நிலையத்திலேயே அன்று மாலை விட்டுவிடுகிறார்கள். முகவரி என்று அவர் கொடுத்தது வாடகைக்கு இருந்த லைன் வீடு. ‘கேஸ் கோர்ட்டுக்குப் போனா கூப்பிடுவோம்’ என்கிறார்கள். காயம்பட்டவருக்கு மருத்துவச் செலவைக் கொடுத்துச் சமாதானம் பேசியதால், கதை முடிந்தது என்று இவர் நினைக்கிறார். சில மாதத்தில் ஊருக்கே திரும்பிவிடுகிறார், போன் நம்பரையும் மாற்றிவிடுகிறார்.

அப்புறம்தான் குற்றப்பத்திரிகை நீதிமன்றம் போகிறது. சம்மன் அந்த லைன் வீட்டுக்குப் போகிறது. இப்போது அங்கே ஒடிசாவிலிருந்து வந்த வேறு யாரோ குடியிருக்கிறார்கள். காவலர் பின்புறத்தில் எழுதுகிறார்: ‘மேற்படி நபர் வீட்டைக் காலி செய்து சென்றுவிட்டார், தற்போதைய முகவரி தெரியவில்லை.’ இரண்டு மூன்று வாய்தா இப்படியே போனதும் வாரண்ட். அவர் எங்கும் ஓடவில்லை, ஒளியவில்லை. அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். நீதிமன்றக் கோப்பில் மட்டும் அவர் தலைமறைவு.

இந்த இளைஞருக்கு விஷயம் தெரியவருவது பெரும்பாலும் துபாய்க்குப் போக பாஸ்போர்ட் விண்ணப்பிக்கும்போதுதான். பாஸ்போர்ட் சட்டத்தின் பிரிவு 6(2)இன்படி, நீதிமன்றம் சம்மனோ வாரண்டோ அனுப்பியிருந்தால் அதை வைத்தே பாஸ்போர்ட்டை மறுக்கலாம். ஏற்கெனவே பாஸ்போர்ட் வைத்திருப்பவரிடமிருந்து பறிமுதல் செய்யவும் அதே சட்டத்தில் இடம் உண்டு.

புதிய சட்டம் இந்த ஓட்டையை மின்னணு வழியில் அடைக்கப் பார்க்கிறது. நீதிமன்ற முத்திரையின் படம் உள்ள சம்மனை மின்னஞ்சல் போன்ற வழிகளில், மாநில அரசு வகுக்கும் விதிப்படி அனுப்பலாம். காவல் நிலையமோ நீதிமன்றமோ முகவரி, மின்னஞ்சல், தொலைபேசி எண்களுக்கென்று ஒரு பதிவேடு வைக்க வேண்டும். மின்னணு முறையில் சார்பு செய்தது முறையாகச் சார்பு செய்ததாகவே கொள்ளப்படும்.

இங்கே ஒரு நுணுக்கம். நீதிமன்றச் சம்மனுக்குத்தான் இந்த வசதி. போலீசின் 35(3) நோட்டீசை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. அதை மாற்றக் கேட்டு ஹரியானா அரசு போட்ட மனுவும் அதே ஆண்டு ஜூலையில் தள்ளுபடியானது. அந்த நோட்டீசுக்குப் போகாமல் இருந்தால் நேராகக் கைதில் முடியலாம். ஒருவருடைய சுதந்திரம் பறிபோகிற விஷயத்தில் ‘ப்ளூ டிக் விழுந்ததா’ என்ற சர்ச்சைக்கு இடம் வைக்கக் கூடாது என்பதுதான் அதிலுள்ள நியாயம். என்னைக் கேட்டால் அதே நியாயம் நீதிமன்றச் சம்மனுக்கும் கொஞ்சம் பொருந்தும். போன் நம்பர் மாற்றிய நம் திருப்பூர் இளைஞருக்கு வாட்ஸ்அப்பும் அந்த லைன் வீடும் ஒன்றுதான்.

‘ஜாமீனில் வெளிவர முடியாத’ என்றால்?

சம்மன் வந்தும் வராவிட்டால், அல்லது ஆள் ஓடிவிடுவார் என்று நீதிபதி கருதினால், பிரிவு 90இன் கீழ் வாரண்ட். காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். சம்மன் உங்களிடம் சொல்லப்படும் கட்டளை. வாரண்ட் போலீசிடம் சொல்லப்படும் கட்டளை. ‘இன்னாரைப் பிடித்து என் முன் நிறுத்து’ என்பதுதான் அதன் சாரம். இலங்கைத் தமிழில் ‘பிடியாணை’ என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். நாம்தான் பிடி, வாரண்ட் என்று பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாக ஒட்டிவைத்திருக்கிறோம்.

செய்திகளில் வரும் ‘ஜாமீனில் வெளிவர முடியாத பிடிவாரண்ட்’ என்ற சொற்றொடரைப் போல மக்களைக் குழப்பிய சொற்றொடர் வேறு இல்லை. சட்டத்தின் வாரண்ட் அத்தியாயத்தில் அப்படி ஒரு பெயரே கிடையாது. இருப்பது ஒரே வாரண்ட்தான். அதன்மீது, ‘இத்தனை ஜாமீன்தாரர், இவ்வளவு தொகைக்குப் பிணைப் பத்திரம், இந்தத் தேதியில் ஆஜராவதாக எழுதிக் கொடுத்தால் விட்டுவிடலாம்’ என்று பிரிவு 73இன் கீழ் நீதிபதி குறிப்பு எழுதினால், பிடிக்க வந்த போலீஸ்காரரே பத்திரம் வாங்கிக்கொண்டு விடலாம். பேச்சுவழக்கில் அது ஜாமீனில் விடக்கூடிய வாரண்ட். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் போலீசுக்கு விடும் அதிகாரம் இல்லை. நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இதைத்தான் ‘நான்-பெயிலபிள் வாரண்ட்’, சுருக்கமாக ‘என்.பி.டபிள்யூ.’ என்கிறார்கள்.

ஆக, ‘வெளிவர முடியாது’ என்பது போலீஸ் கையிலிருந்து வெளிவர முடியாது என்று மட்டும்தான் பொருள்படும். நீதிபதி முன் நிறுத்தியதும், அவர் நினைத்தால் அன்றே விடலாம். வழக்கின் குற்றம் ஜாமீன் தரக்கூடியதா, தரக்கூடாததா என்பது முற்றிலும் வேறு கேள்வி. சாதாரண செக் வழக்கிலும் என்.பி.டபிள்யூ. வரும். செக் வழக்கு ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான்.

இந்த வாரண்டை எடுத்த எடுப்பில் போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007இல் இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்கில் விளக்கியது. முதலில் சம்மன், அதற்கு வராவிட்டால் பிணைக் குறிப்புள்ள வாரண்ட், அதற்கும் வராவிட்டால்தான் குறிப்பில்லாத வாரண்ட். விதிவிலக்காக மூன்று சூழல்களைச் சொன்னது:

1. இவர் தானாக வரமாட்டார் என்று நம்பக் காரணம் இருப்பது.
2. போலீசால் ஆளைக் கண்டுபிடித்துச் சம்மன் கொடுக்க முடியாமல் போவது.
3. உடனே பிடிக்காவிட்டால் யாருக்காவது தீங்கு நேரும் என்ற நிலை.

2022இல் சதேந்தர் குமார் அன்டில் வழக்கிலும், விசாரணைக் காலத்தில் கைதாகாமல் ஒத்துழைத்தவர்களுக்கு இதே வரிசையைப் பின்பற்றச் சொன்னது. நம் திருப்பூர் இளைஞரின் கதை இரண்டாவது விதிவிலக்கில் போய் விழுவதைக் கவனியுங்கள். ஒளிந்துகொண்டவரும் வீடு மாறியவரும் காவலரின் குறிப்பில் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள்.

வாரண்ட் போட்டாச்சு, அப்புறம்?

வாரண்டுக்குக் காலாவதித் தேதி இல்லை. பிறப்பித்த நீதிமன்றம் ரத்து செய்யும் வரை, அல்லது ஆளைப் பிடிக்கும் வரை உயிரோடு இருக்கும். பத்து வருடம் கழித்தும் கதவைத் தட்டலாம். இந்தியாவில் எங்கேயும் செல்லும். பிடிக்கிறவர் அதில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். திருநெல்வேலி வாரண்டுக்குக் கோவையில் பிடித்தால், முதலில் அங்கே அருகிலுள்ள மாஜிஸ்திரேட் அல்லது காவல் அதிகாரி முன் நிறுத்த வேண்டும். வாரண்ட் போட்ட நீதிமன்றம் 30 கிலோமீட்டருக்குள் இருந்தால் நேராக அங்கேயே போய்விடலாம்.

போலீஸ் வரும் வரை காத்திருக்க வேண்டும் என்பதில்லை. வழக்கமாக நடப்பது இதுதான்: வழக்கறிஞரோடு நீதிமன்றம் போய், வராததற்குக் காரணம் சொல்லி, வாரண்டைத் திரும்பப் பெறக் கேட்டு மனுப் போடுவார்கள். வளாகத்தில் இதற்குப் பெயர் ‘ரீகால்’. மருத்துவமனைச் சீட்டு இருந்தால் இணைப்பார்கள். எதிரி நேரில் நிற்க வேண்டும் என்றுதான் நீதிபதிகள் பெரும்பாலும் எதிர்பார்ப்பார்கள். காரணம் நம்பும்படி இருந்தால் ரத்து, சில சமயம் ஒரு தொகை கட்டச் சொல்லி ரத்து. திரும்பத் திரும்ப வராதவர் என்றால் ரிமாண்ட் செய்து சிறைக்கும் அனுப்பலாம். ஏற்கெனவே ஜாமீனில் இருந்தவர் வராமல் போனால் விவகாரம் பெரிது: பிணைப் பத்திரம் பறிமுதலாகும், கையெழுத்துப் போட்ட ஜாமீன்தாரருக்கு நோட்டீஸ் போகும். ஜாமீனில் போய்விட்டு வராமல் இருப்பதே பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 269இன்படி ஓராண்டு வரை சிறை தரக்கூடிய தனிக் குற்றம்.

ரீகால் ஆனதோடு வேலை முடிந்ததா? இல்லை. ரத்தான தகவல் காவல் நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மும்பையில் ஒரு வழக்கறிஞரின் வாரண்டை நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. சில நாளில், 2002 ஆகஸ்ட் 15, விடுமுறை நாளன்று, அதே வாரண்டோடு இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். ரத்தாகிவிட்டது என்று சொல்லியும் கைது நடந்தது. காட்ட வழக்கறிஞர் கையில் காகிதம் இல்லை. பிறகு உயர் நீதிமன்றம் அந்த இன்ஸ்பெக்டரை 2,000 ரூபாய் தரச் சொன்னது. தொகை போதாது என்று அந்த வழக்கறிஞர் உச்ச நீதிமன்றம் போனார். 2011இல் தீர்ப்பு வந்தது: தொகை உயரவில்லை, ஆனால் நாட்டில் உள்ள எல்லா நீதிமன்றங்களுக்கும் நெறிமுறைகள் கிடைத்தன. வாரண்ட் படிவங்களுக்கு இயந்திர எண் இருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேண்டும், திருப்பி ஒப்படைக்கும் தேதி எழுத வேண்டும், பதிவேடு வேண்டும் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. அதனால் ரீகால் உத்தரவின் நகலை எப்போதும் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று வழக்கறிஞர்கள் சொல்வதைத் தட்டக் கூடாது.

பிரகடனம்: ஏணியின் உச்சி

வாரண்டிலிருந்து தப்ப ஒளிந்துகொண்டார் என்று நீதிமன்றம் நம்பினால் பிரிவு 84. குறைந்தது 30 நாள் அவகாசம் தந்து, இந்த இடத்தில் இந்தத் தேதியில் ஆஜராக வேண்டும் என்று ஊரறிய அறிவிப்பது. அவர் வழக்கமாக வசிக்கும் ஊரில் எல்லோருக்கும் கேட்கும்படி படிக்க வேண்டும், வீட்டில் ஒட்ட வேண்டும், நீதிமன்றத்திலும் ஒட்ட வேண்டும், செய்தித்தாளிலும் போடலாம். கூடவே சொத்தை முடக்கவும் முடியும். அரசின் வசம் போன சொத்தை, இரண்டு ஆண்டுக்குள் வந்து, தான் ஒளியவில்லை, அறிவிப்பும் தெரியவில்லை என்று நிரூபித்தால் மீட்கலாம்.

பிரகடனத்துக்கும் வராதது 3 ஆண்டு வரை சிறை தரும் தனிக் குற்றம். மூல வழக்கின் குற்றம் 10 ஆண்டோ அதற்கு மேலோ, ஆயுளோ, தூக்கோ தரக்கூடியது என்றால், அவரைப் ‘பிரகடனப்படுத்தப்பட்ட குற்றவாளி’ என்று அறிவிக்கலாம். அப்போது வராததற்கான தண்டனை 7 ஆண்டு வரை.

புதிய சட்டத்தின் பெரிய மாற்றம் பிரிவு 356இல் இருக்கிறது. முன்பெல்லாம் ஆள் இல்லாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. சாட்சியங்களைப் பதிவு செய்து வைக்கலாம், அவ்வளவுதான். பல எதிரிகள் உள்ள வழக்கில் ஓடியவரை மட்டும் தனி வழக்காகப் பிரித்துவிட்டு மற்றவர்களுக்கு விசாரணை நடத்துவார்கள். இப்போது, பிரகடனப்படுத்தப்பட்ட குற்றவாளி உடனடியாகப் பிடிபடும் வாய்ப்பில்லை என்றால், அவர் இல்லாமலே விசாரித்துத் தீர்ப்பும் தரலாம். அதற்கு முன் குற்றச்சாட்டு வனைந்து, அதாவது எந்தக் குற்றத்துக்கு விசாரணை என்று நீதிமன்றம் எழுத்தில் வகுத்து, 90 நாள் கடந்திருக்க வேண்டும். குறைந்தது 30 நாள் இடைவெளியில் இரண்டு வாரண்ட் போயிருக்க வேண்டும். செய்தித்தாள் அறிவிப்பு வர வேண்டும், உறவினருக்கும் சொல்ல வேண்டும். அவருக்கு வழக்கறிஞர் இல்லாவிட்டால் அரசுச் செலவில் வைக்க வேண்டும். தண்டனைக்கு எதிராக மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் ஆள் நேரில் வந்தாக வேண்டும், அதுவும் மூன்று ஆண்டுக்குள். வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் பெரும்புள்ளிகளை மனதில் வைத்து எழுதியது என்று படிக்கும்போதே தெரிகிறது. ஆனால் சட்டத்தில் பெரும்புள்ளி, சிறுபுள்ளி என்ற பிரிவு இல்லை.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் நேரில் போக வேண்டுமா?

வேண்டியதில்லை. சம்மன் அனுப்பும்போதே, வழக்கறிஞர் வழியாக ஆஜரானால் போதும் என்று நீதிபதி அனுமதிக்கலாம். அது பிரிவு 228. விசாரணை நடக்கும்போது ஒரு நாள் வர முடியவில்லை என்றால் போடும் மனு பிரிவு 355. பழைய எண்ணில் அதுதான் புகழ்பெற்ற ‘317 பெட்டிஷன்’. அன்று காலை பெயரைக் கூப்பிடும்போது இந்த மனு மேசையில் இருந்தால் வாய்தா தள்ளிப்போகும், இல்லாவிட்டால் வாரண்ட். நிறைய வாரண்டுகள் வழக்கறிஞரிடம் ஒரு போன் சொல்லாததால் பிறந்தவை.

சம்மனுக்குத் தானாக வந்தவரைப் பிடித்து உள்ளே வைக்கலாமா என்ற கேள்விக்கும் இப்போது தெளிவு இருக்கிறது. விசாரணையில் கைது செய்யாமலே அமலாக்கத் துறை வழக்குப் போட்டு, எதிரி சம்மனை மதித்து வந்தால், அவர் காவலில் இருப்பதாகக் கருத முடியாது; வருவேன் என்று பத்திரம் எழுதிக் கொடுத்தால் போதும், அது ஜாமீனும் ஆகாது என்று 2024 மே மாதம் தர்செம் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பண மோசடித் தடுப்புச் சட்டத்தில் ஜாமீன் வாங்குவது குதிரைக்கொம்பு என்பதால் இந்த வேறுபாட்டின் மதிப்பு மிகப் பெரிது.

வாட்ஸ்அப்பில் வந்த வாரண்ட்

மின்னணுச் சம்மன் வந்த பிறகு மோசடிக்காரர்களுக்கும் வசதியாகிவிட்டது. அசோகச் சின்னம், முத்திரை, கையெழுத்து எல்லாம் போட்ட ‘வாரண்ட்’ ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பி, வீடியோ அழைப்பில் சீருடையோடு உட்கார்ந்து, நீங்கள் ‘டிஜிட்டல் கைது’ செய்யப்பட்டிருக்கிறீர்கள் என்று மிரட்டுவார்கள். உச்ச நீதிமன்றத்தின் பெயரிலேயே போலி உத்தரவு தயாரித்ததைப் பார்த்து, 2025 அக்டோபரில் அந்த நீதிமன்றம் தானாகவே முன்வந்து இதை விசாரணைக்கு எடுத்தது. இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையாது.

கையில் வந்த காகிதம் உண்மையா என்று பார்க்க, மேலே சொன்னதையே திருப்பிப் போட்டால் போதும்:

1. உண்மையான சம்மனில் எந்த ஊர், எந்த நீதிமன்றம், வழக்கு எண், ஆஜராகும் தேதி எல்லாம் இருக்கும். அந்த எண்ணை நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் போட்டால் வழக்கு விவரம் வர வேண்டும். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணும் உண்டு.
2. வாரண்ட் உங்களுக்கு எழுதப்படுவதில்லை, போலீசுக்கு எழுதப்படுகிறது. அதை உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிப் பேரம் பேச யாருக்கும் அவசியம் இல்லை.
3. வாரண்டில் தொகை எழுதியிருந்தால் அது பிணைப் பத்திரத்தின் மதிப்பு. வராவிட்டால் கட்டுவேன் என்று நீங்களும் ஜாமீன்தாரரும் எழுதிக் கொடுக்கும் தொகை. அதை யு.பி.ஐ.யில் அனுப்பச் சொன்னால், போனை வைத்துவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைக்கலாம்.